பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு உதவ நினைக்கிறீர்களா? வெளியிலிருந்து கொடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரமலான் நெருங்கும்போதெல்லாம் நண்பர்கள் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. "தெருமுனைப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறார்களே, நாம் ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? தப்பாக நினைக்க மாட்டார்களே?" பெரும்பாலான இடங்களில் மனம் நிறைந்து வாங்கிக்கொள்வார்கள். ஆனால் எதை, எப்போது, யாரிடம், எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல்தான் பல பேர் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் முஸ்லிம் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்ததையும், அங்கே இருப்பவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமான 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். 1739 முதல் 1763 வரை ஆண்டவர், இந்து. சென்னையில் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் 1795இல் கட்டப்பட்டது. அங்கே ரமலான் மாதம் முழுக்க நோன்பு திறக்க வரும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு, பல பத்தாண்டுகளாக, மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பிலிருந்து சாப்பாடு வருகிறது. தேசப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வைத்த சேவை. சமைப்பதும் பரிமாறுவதும் பெரும்பாலும் இந்துக்கள், தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நின்று பரிமாறுவார்கள். சாப்பாடு முழுக்க சைவம். இந்தச் சைவ விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

முதலில் நாளைப் பாருங்கள்

ரமலான் பிறை பார்த்து வரும் மாதம், அதனால் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2025இல் இங்கே மார்ச் 2 முதல் நோன்பு. 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என இரண்டு ரமலான். போன வருடத் தேதியை நினைத்துக்கொண்டு இருந்தால் பாதி மாதம் கழிந்திருக்கும், அதனால் காலண்டரைப் பார்த்துவிட்டு நோன்பு தொடங்குவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே போய்ப் பேசுங்கள். கஞ்சிக்கான சாமான் பட்டியல், கஞ்சி காய்ச்சும் பண்டாரிக்குச் சம்பளம், எந்த நாள் யார் பொறுப்பு என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகும். நோன்பு ஆரம்பித்த பிறகு போனாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அதற்குள் தேவையானதெல்லாம் வந்து சேர்ந்திருக்கும், உங்களுடையது கூடுதலாகிவிடும்.

யாரிடம் பேசுவது

பள்ளிவாசலை நடத்துவது ஜமாஅத், அதாவது அந்தப் பகுதி முஸ்லிம்களின் அமைப்பு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நிர்வாகிகள் இருப்பார்கள். சில இடங்களில் பள்ளிவாசல் சொத்தைக் கவனிக்கும் முத்தவல்லி என்று ஒருவர் இருப்பார். தொழுகை நடத்தும் இமாமை ஹஜ்ரத் என்று அழைப்பார்கள், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்பவரை மோதினார் என்பார்கள். கொடுக்கல் வாங்கல் ஹஜ்ரத்தின் வேலை இல்லை, பொருளாளரின் வேலை. ஆனால் யாரையும் தெரியாதென்றால் மோதினாரிடம் போங்கள். எந்த நேரமும் அங்கேயே இருப்பவர் அவர்தான், அவருக்குத் தெரியாதது எதுவும் இருக்காது.

போகும் நேரம் முக்கியம். பாங்கு சொன்னதும் போய் நிற்காதீர்கள். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம்தான் நல்லது. மாலை ஐந்து மணி வாக்கில், அஸர் தொழுகைக்குப் பிறகு, நிர்வாகிகள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை மதிய ஜும்ஆ தொழுகை முடிந்த பின்பு எல்லாரும் இருப்பார்கள், ஆனால் நெரிசலில் நிதானமாகப் பேச முடியாது.

என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டாம். "வணக்கம் பாய், நான் பின் தெருவில் இருக்கிறேன். இந்த வருஷம் கஞ்சிக்கு எங்கள் வீட்டிலிருந்தும் ஏதாவது செய்ய ஆசை. எது தேவைப்படும்?" இவ்வளவு போதும். சலாம் சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் வணக்கம் நன்றாகவே எடுபடும். வயதானவர் என்றால் ஐயா என்று கூப்பிடுவது எல்லா ஊரிலும் சரி.

பெண்கள் போனால் தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பல பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனி இடம் கிடையாது, ஆனால் அலுவலக அறையிலோ வாசலிலோ நின்று பேசலாம். அதைவிட எளிய வழி, தெரிந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் வழியாகவோ பக்கத்தில் உள்ள பெண்கள் மதரஸா வழியாகவோ கேட்பது. எந்த வீட்டில் நோன்பு வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள் என்ற விவரம் ஆண்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கஞ்சியில் என்ன இருக்கிறது, என்ன கேட்பது

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். கொடுக்க வருகிறவர்கள் பாதிப் பேர் ஒரு மூட்டை அரிசியோடு வருகிறார்கள். அரிசிதான் அங்கே ஓரளவு குறைவில்லாமல் இருக்கும் பொருள். தமிழக அரசே ஒவ்வொரு ரமலானுக்கும் கேட்கும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குகிறது. ஆனால் அரிசியும் தண்ணீரும் மட்டும் கஞ்சியாகிவிடாது.

பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், பட்டை, கிராம்பு, ஏலக்காய், புதினா, கொத்தமல்லி, எண்ணெய், தேங்காய்ப்பால், சில இடங்களில் கொத்துக்கறி. மதியத்துக்குப் பிறகு பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றினால் அஸர் வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிப்பிடித்துவிடும். அடுப்புக்கு விறகு, அல்லது வணிக கேஸ் சிலிண்டர். கிண்டுகிறவருக்குக் கூலி. முப்பது நாள், தினமும். தேங்காய் விலை ஏறியிருக்கும் வருடத்தில் பொருளாளரின் முகத்திலேயே அது தெரியும்.

அதனால் "ஒரு நாள் கஞ்சிச் செலவு எவ்வளவு பாய்?" என்று நேராகக் கேட்பதுதான் நல்லது. பல ஜமாஅத்களில் ஒரு குடும்பம் ஒரு நாளை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளையும் 27ஆம் இரவையும் பெரும்பாலும் ஜமாஅத்துக் குடும்பங்களே முதலில் எடுத்துக்கொள்ளும், அது அவர்களுக்கு மிக முக்கியமான இரவு, அதை நீங்கள் கேட்க வேண்டாம். எந்த நாளுக்கு ஆள் இல்லையோ அதைக் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

ஒரு நாள் செலவு உங்களுக்கு அதிகம் என்றால் வருத்தப்பட வேண்டியதில்லை, இரண்டு சிலிண்டர், ஒரு வாரத்துக்கான பூண்டு, இருபது தேங்காய் என்று எதையாவது ஒன்றை ஏற்றுக்கொள்ளலாம். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு நாளை எடுக்கலாம். என்னைக் கேட்டால் ஒரே நாளில் பெரிதாகச் செய்வதைவிட முப்பது நாளும் ஒரு சின்னப் பொருளுக்குப் பொறுப்பேற்பது மேல். தினமும் புதினா, கொத்தமல்லிக் கட்டு கொண்டுவந்து இறக்கும் ஒரு மனிதரைப் பண்டாரி நம்பித்தான் அன்றைய அடுப்பை மூட்டுவார்.

பேரீச்சம்பழமும் எப்போதும் தேவைப்படும். பெரும்பாலானவர்கள் அதைச் சாப்பிட்டுத்தான் நோன்பு திறப்பார்கள். ஆளுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டு, சாதாரண ரகத்தில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய நூறு பழம் என்று கணக்குப் போட்டால் எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். நோன்பு தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், தொடங்கியதும் விலை ஏறும்.

கிண்ணங்களைப் பற்றியும் கேளுங்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் சேரும். நூறு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக் கொடுத்தால் பல ரமலானுக்கு ஆகும். பேர் வெட்டுவதாக இருந்தால் பள்ளிவாசலின் பேரை வெட்டச் சொல்லுங்கள், உங்கள் பேர் வேண்டாம்.

எதைக் கொண்டுபோகக் கூடாது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். நீங்கள் கொண்டுவந்ததில் என்ன இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள், எப்படிச் சமைத்தீர்கள் என்று பெரும்பாலும் யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். கேட்டால் மனம் நோகும் என்று கேட்காமலே சாப்பிடுவார்கள். பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர் உங்களை நம்பி வாயில் வைக்கிறார் என்றால், அதில் தப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது முழுக்க உங்கள் பொறுப்பு.

இறைச்சி என்றால் ஹலால் முறையில் அறுத்ததாக இருக்க வேண்டும். முஸ்லிம் நண்பர் ஒருவர் வழக்கமாக வாங்கும் கறிக்கடையிலேயே வாங்கிவிடுங்கள், அல்லது பணத்தைக் கொடுத்து அவர்களையே வாங்கச் சொல்லுங்கள். பன்றி இறைச்சி சமைத்த பாத்திரத்தில் எதையும் செய்து எடுத்துப்போக வேண்டாம். கடையில் வாங்கும் ஜெல்லி வகைகளில் ஜெலட்டின் இருக்கும், அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. கடல்பாசி போட்டுச் செய்தால் சிக்கலே இல்லை, முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கப் பிரியமாகச் செய்வதும் அதுதான்.

சாமிக்குப் படைத்த உணவைக் கொடுக்காதீர்கள். பிரசாதம் நமக்கு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வேறு தெய்வத்துக்குப் படைத்ததை உண்ணக் கூடாது என்பது அவர்கள் மார்க்கத்தில் உள்ளது. வீட்டில் சுண்டலோ கொழுக்கட்டையோ செய்து எடுத்துப்போவதாக இருந்தால் படையலுக்கு வைக்காமல் தனியாகச் செய்யுங்கள். இதில் சங்கடப்பட எதுவும் இல்லை, நம் வீட்டில் விரதம் இருப்பவருக்குத் தனியாகச் சமைப்பதில்லையா?

இவ்வளவையும் யோசிக்கத் தயக்கமாக இருந்தால் சைவமாகக் கொடுத்துவிடுங்கள். வாலாஜா பள்ளிவாசலுக்கு வருவதே சைவச் சாப்பாடுதான் என்று மேலே சொன்னேன். நீங்கள் மாமிசம் தொடாத குடும்பம் என்றால் உங்கள் வழக்கத்தை விட்டுக்கொடுத்துக் கறி வாங்கித் தர வேண்டிய அவசியமே கிடையாது. உளுந்து வடை, சுண்டல், மோர், நன்னாரி சர்பத், பழம் எல்லாம் எல்லாரும் விரும்பிச் சாப்பிடுவது. நான் பழத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன். தினமும் பஜ்ஜி, சமோசா என்று எண்ணெய்ப் பலகாரம் வந்துகொண்டே இருக்கும், பெரியவர்களுக்கு வயிறு தாங்காது. தர்பூசணி, பப்பாளி, வாழைப்பழம் கொண்டுபோங்கள். முழுதாகக் கொடுங்கள், நோன்பு திறக்க அரைமணி நேரம் இருக்கும்போது அங்கேயே வெட்டிக்கொள்வார்கள். காலையில் வெட்டி டப்பாவில் அடைத்தது சாயங்காலத்துக்குள் கெட்டுப்போகும்.

பணமாகக் கொடுத்தால்

ரசீது கேட்டு வாங்குங்கள். சந்தேகப்பட்டுக் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொருளாளருக்கும் அதுதான் வசதி. "இது கஞ்சிக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். ஏனென்றால் பள்ளிவாசலுக்கு வரும் பணத்தை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டுச் செலவழிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம் தன் சேமிப்பில் வருடத்துக்கு இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டிய கடமை, அது யாருக்குப் போக வேண்டும் என்று குர்ஆனிலேயே எட்டு வகை சொல்லப்பட்டிருக்கிறது. நோன்பு மாதம் முடிந்து வரும் பெருநாளின் தொழுகைக்கு முன் தலைக்கு இவ்வளவு என்று ஏழைகளுக்குக் கொடுக்கும் பித்ராவும் அவர்கள் கடமைதான். நீங்கள் கொடுப்பது இந்த இரண்டிலும் சேராது, அன்பளிப்பு என்று எழுதிக்கொள்வார்கள்.

வட்டித் தொழிலில், மது வியாபாரத்தில், லாட்டரியில் வந்த பணத்தைப் பள்ளிவாசல் காரியத்துக்கு வாங்கத் தயங்குவார்கள். உங்கள் வருமானம் அப்படி என்றால் மறைக்காமல் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள். அந்தப் பணத்தைக் கழிவறை கட்டவோ வேறு பொது வேலைக்கோ வைத்துக்கொள்கிறோம் என்று சில ஜமாஅத்கள் சொல்லும், சிலர் வேண்டாம் என்பார்கள். இரண்டும் சரிதான்.

வரிவிலக்கு எதிர்பார்த்தால் அந்த அமைப்புக்கு 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவு இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்குக் கிடைக்காது, பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது. நிலம் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு யோசிப்பவர்கள் வழக்கறிஞர் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். பள்ளிவாசல் போன்ற முஸ்லிம் அறச் சொத்துகளுக்கான வக்பு சட்டம் 2025இல் திருத்தப்பட்டு, அதில் சில பிரிவுகளுக்கு உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் இடைக்காலத் தடை விதித்தது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் குடியுரிமையோடு இருந்து உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் வரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான், அதை வாங்க அந்தப் பள்ளிவாசலுக்குத் தனிப் பதிவு வேண்டும். அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். சிங்கப்பூரில் இருக்கிறீர்களா? டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளிவாசலிலும் சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ சூலியா பள்ளிவாசலிலும் ரமலானில் கஞ்சி உண்டு. இருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம்.

கொடுக்கும் விதம்

பொருளை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுங்கள். யார் கையில் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நீங்களே வரிசையில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை வந்தால் அதை விட்டுவிடுங்கள். கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு நிற்பவர்களில் நல்ல வசதியானவர்களும் இருப்பார்கள், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாதவர்களும் இருப்பார்கள். யார் எது என்று வெளியே தெரியாமல் இருப்பதுதான் அந்த வரிசையின் பெருமை. உங்கள் கேமரா அதைக் கெடுத்துவிடும். கட்சிக் கொடி, சங்கத்தின் பேர் போட்ட பேனர், பை மேல் அச்சடித்த முகம் எதுவும் வேண்டாம்.

அந்த வரிசையில் நீங்களும் நிற்கலாம், எல்லா மதத்தவரும் நிற்பார்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் கஞ்சி வரும், காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கு நல்லது என்று அம்மா வாங்கி வரச் சொல்வார். கொடுக்க மட்டும் போய்விட்டு, அவர்கள் நீட்டும் கிண்ணத்தை "பரவாயில்லை, வேண்டாம்" என்று மறுத்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கிக் குடியுங்கள். கறி போட்டிருக்குமோ என்று தயக்கம் இருந்தால் கேளுங்கள், வெள்ளையாகச் சொல்லிவிடுவார்கள்.

நோன்பு திறக்க உள்ளே கூப்பிட்டால்

பல இடங்களில் கூப்பிடுவார்கள். போங்கள். தோள், முழங்கால் மறையும் உடை, வாசலிலேயே செருப்பு. தொப்பி கட்டாயம் இல்லை, யாராவது அன்பாக நீட்டினால் போட்டுக்கொள்ளுங்கள். பாங்குக்கு கால் மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். தட்டில் எல்லாம் வைத்துவிடுவார்கள், ஆனால் பாங்கு சொல்லும் வரை யாரும் கை வைக்க மாட்டார்கள், நீங்களும் வைக்காதீர்கள். அந்தக் கடைசி சில நிமிடங்களில் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. நோன்பாளி கேட்கும் துஆவுக்கு, அதாவது பிரார்த்தனைக்கு, அது மிகச் சிறந்த நேரம் என்பது அவர்கள் நம்பிக்கை, ஒவ்வொருவரும் கையேந்தி மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் மக்ரிப் தொழுகைக்கு எழுந்து போவார்கள். நீங்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். தொழுகிறவருக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. பாத்திரம் எடுத்து வைக்க, பாய் சுருட்ட, தரை துடைக்க அப்போது ஆள் தேவைப்படும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மோதினார் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

சஹரை மறந்துவிடாதீர்கள்

எல்லாரும் மாலையைப் பார்க்கிறார்கள். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்குத்தான் பல பேர் திண்டாடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் நோயாளியோடு தங்கியிருப்பவர், விடுதி மாணவர், அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பையன்கள், இரவுக் காவலாளி. காலை நான்கு மணிக்கு எந்த ஓட்டல் திறந்திருக்கும்? சில ஊர்களில் பள்ளிவாசலிலேயே சஹர் சாப்பாடு கொடுக்கிறார்கள், அதற்குச் செலவு இன்னும் அதிகம், கொடுப்பவர்கள் குறைவு. உங்களிடம் மெஸ்ஸோ சமையல் கான்ட்ராக்டோ இருந்தால் பணத்தைவிட நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். இரண்டரை மணிக்கு அடுப்பு மூட்ட ஆள் இருந்தால் போதும். சாப்பாடு போய்ச் சேரும் நேரத்தில் கொஞ்சமும் தாமதம் கூடாது, சுப்ஹு எனும் அதிகாலைத் தொழுகை நேரம் வந்துவிட்டால் அதன்பிறகு அவர்களால் சாப்பிட முடியாது.

உள் விவகாரங்களில்

எல்லாப் பள்ளிவாசலும் ஒன்று இல்லை. சுன்னத் ஜமாஅத்துக்கும் தவ்ஹீத் அமைப்புகளுக்கும் நடைமுறையில் வேறுபாடு உண்டு. தர்காவுக்குப் போர்வை போர்த்துவது, சந்தனக்கூடு, கந்தூரி விழாக்கள் இதெல்லாம் ஒரு தரப்புக்குப் பிரியமானது, இன்னொரு தரப்பு ஏற்காது. நாகூரில் கொடுப்பதைப் போலவே எல்லா இடத்திலும் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இதில் எது சரி என்று நீங்கள் கருத்துச் சொல்லவும் வேண்டாம்.

அரிதாக, வேண்டாம் என்று மறுப்பார்கள். ஏற்கனவே நிறைய வந்திருக்கும், அல்லது வெளியாரிடம் வாங்குவதில்லை என்று அந்த நிர்வாகம் முடிவு எடுத்திருக்கும், அல்லது ஊரில் ஏதோ பதற்றம் ஓடிக்கொண்டிருக்கும். காரணம் கேட்டு நெருக்காதீர்கள். "சரி பாய், எப்போது தேவைப்பட்டாலும் சொல்லுங்கள்" என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவசரக் காலத்தில் அந்த எண் வேலை செய்யும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பள்ளிவாசல்களைத் திறந்து எல்லாரையும் தங்க வைத்தார்கள், கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களுக்குள் இறங்கிச் சேறு அள்ளினார்கள். அப்போது யாரும் யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

பெருநாளும் அதற்குப் பிறகும்

பெருநாள் காலையில் திடலில் தொழுகை நடந்தால் ஆயிரக்கணக்கில் வண்டிகள் வரும். உங்கள் வீட்டு முன்னால் இடம் இருந்தால், கடையின் முற்றம் காலியாக இருந்தால், வண்டி நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். போக்குவரத்தை ஒழுங்குபடுத்த நாலு இளைஞர்களை அனுப்புங்கள். ஒரு குடம் மோர் வையுங்கள், அன்றைக்கு நோன்பு இல்லை, காலையிலேயே குடிப்பார்கள். மதியம் பிரியாணி வரும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, வீட்டில் இருக்கும் பழமோ இனிப்போ போட்டு அனுப்புங்கள்.

ரமலான் முடிந்ததும் எல்லாரும் போய்விடுவார்கள், ஜமாஅத்தின் தேவைகள் போகாது. இறந்தவர் உடலை வைத்திருக்கும் குளிர்பெட்டி, சக்கர நாற்காலி, மின்வெட்டுக்கு ஜெனரேட்டர், மையவாடியில் (அடக்கத்தலத்தில்) முள் வெட்ட ஆள், ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். இவற்றில் பல, ஊரில் எந்த மதத்தவர் கேட்டாலும் கொடுத்து உதவும் பொருள்களாகவே இருக்கும்.

பெருநாள் கழிந்து ஒரு வாரம் போகட்டும், பொருளாளர் கணக்கை முடித்திருப்பார். அப்போது ஒரு மாலை நேரத்தில் போய், இந்த வருடம் எது பற்றாக்குறை ஆனது, எது மிஞ்சியது என்று கேளுங்கள். பூண்டு பற்றாக்குறை, பேரீச்சம்பழம் மிச்சம் என்பது மாதிரி சரியான பதில் கிடைக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த வருடத்துக்கு எந்தப் பொருள் உங்கள் பொறுப்பு என்று அங்கேயே சொல்லி அவர் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.